பையன் அழுவதற்காக நடந்தவர்

நெஸ்டோர் சவாலாவின் முதல் அப்பா கைதானபோது அவனுக்கு ஆறு வயது. அந்த அப்பா அர்ஜென்டினாக்காரர், நல்ல நடிகர், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விடுதலையாகித் தட்டோடு வரிசையில் நின்றார். இரண்டாவது அப்பா ஓர் எலுமிச்சைத் தோட்டத்தில் பிடிபட்டார். மூன்றாவது அப்பா வந்தது இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில் என்பதால் அவரை யாரும் பிடிக்கவில்லை. கூரையிலிருந்து விழ வைத்ததோடு விட்டுவிட்டார்கள். நான்காவது அப்பா, ஹார்ட்பிரிட்ஜ் தொலைக்காட்சி எடுத்த 'கதவு எண் ஒன்பது' என்ற தொடரில் கிடைத்தார். ஒவ்வொரு சீசன் முடிவிலும் அவரைக் குடியேற்ற அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த சீசன் தொடக்கத்தில் ஒரு நல்ல நீதிபதி அவரை வீட்டுக்கு அனுப்பிவைப்பார். பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டபோது, கூட்டிக்கொண்டு போகும் காட்சிதான் மனதுக்கு நிறைவாக இருந்தது என்று பெரும்பாலோர் சொன்னார்களாம். அதனால் சீசன் நடுவிலும் ஒருமுறை கூட்டிப் போக ஆரம்பித்தார்கள்.

சொந்த அப்பா ஹசிந்தோ சவாலா இத்தனையையும் கேமராவுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை நடிக்கும் இடத்தில் பெற்றவர்களில் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். அம்மா எல்வீராவுக்கு வேன் நைஸ் சாலையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. நினைத்தபோது லீவு கிடைக்காது. ஹசிந்தோ டைல்ஸ் ஒட்டுபவர். நாங்கள் இருக்கும் பகோய்மாப் பகுதியில் எங்கள் தெருவின் பாதிக் குளியலறைகள் அவர் முட்டி போட்டு ஒட்டியவை. தன் வேலையை அவர் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம் என்பதால், பையனோடு பர்பாங்க் ஸ்டுடியோவுக்குப் போகும் பொறுப்பு அவருக்கு வந்தது.

அவரிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் கிடையாது. எல்லைக்குத் தெற்கே உள்ள ஹெரெஸ் ஊரிலிருந்து இளைஞனாக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். எங்கள் தெருவில் இதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த கட்டடத்திலோ முதுகில் பெரிய எழுத்துப் போட்ட சட்டையோடு பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள் காப்பி குடித்துக்கொண்டு திரிந்தார்கள். எல்லாரும் துணை நடிகர்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் கடக்கும்போது கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார். ஒருநாள் அவர்களில் ஒருவர் முன்னால் வந்து நின்று, "கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?" என்றார். ஹசிந்தோ இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். அந்த ஆளின் தொப்பி நாற்காலியில் இருந்ததாம். அதன்மேல் இவர் உட்கார்ந்துவிட்டிருக்கிறார்.

பையன் பகோய்மாவில் பிறந்தவன். பகோய்மாப் பிள்ளைகள் பேசுகிற மாதிரிதான் பேசினான். அது நம்பும்படியாக இல்லை என்று ஹார்ட்பிரிட்ஜ் முடிவு செய்து, டொரண்டோவிலிருந்து ஓர் உச்சரிப்புப் பயிற்சியாளரை வரவழைத்தது. நேற்றுத்தான் வந்து இறங்கியவன் மாதிரி எப்படிப் பேசுவது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொண்டதை நெஸ்டோர் வீட்டில் பேசிக் காட்டியபோது எல்வீரா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்.

"யாரைடா கிண்டல் பண்றே? உங்க அப்பாவையா?"

"இல்லம்மா. இது என்னோட பேச்சாம்."

இடையில், விண்கலம் ஓட்டும் சிறுவன் வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நெஸ்டோர் எங்கோ கேட்டுவிட்டான். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தான். ஹசிந்தோ துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நடிகர் தேர்வு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த பெண்மணி அன்பாகவே பேசினார்.

"அந்தப் பையனுக்குப் பின்னணின்னு எதுவும் கிடையாதுங்க. சும்மா ஒரு பையன், அவ்வளவுதான். உங்க நெஸ்டோர்கிட்ட எவ்வளவு பின்னணி இருக்கு. அதைக் கொண்டுபோய் ஒரு விண்கலத்துல வெச்சு வீணடிக்கணுமா?"

"அவன் பின்னணி பகோய்மாதாங்க மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஆக, அவன் வேலை அழுவது என்று ஆனது. சிக்கல் என்னவென்றால், அவனுக்கு அழ வரவில்லை. தொடரின் டைரக்டர் டிரென்ட் வின்ஸ்லோ, ஒருவர் முகத்தை அண்மையில் எடுக்கும்போது மற்ற நடிகர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் ஒட்டிய சிவப்பு டேப்பைப் பார்த்து, அதுதான் அப்பா என்று நினைத்துப் பையன் அழ வேண்டும். நெஸ்டோர் டேப்பைப் பார்த்தான். டேப்பாகத்தான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கற்பூரத் தைலம் தடவலாமா என்று கேட்டார்கள். குழந்தைகள் நலனுக்காகச் செட்டில் இருக்கும் ஆசிரியை கூடாது என்றார். குழந்தை விளக்குகளுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு அழலாம் என்று சொல்லவில்லை. செத்துப்போன நாயை நினைத்துக்கொள் என்றார் வின்ஸ்லோ. "எங்ககிட்ட நாயே இல்லையே சார்," என்றான் பையன்.

அப்போது ஹசிந்தோவுக்குச் சிறுநீர் முட்டியது. எழுந்தார். டைல்ஸ்காரர்களுக்கு எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் சேர்த்துப் பிடித்தபடி, குனிந்து, கதவைப் பார்த்து மெல்ல நடந்தார். நெஸ்டோர் டேப்பை விட்டுவிட்டு அந்த முதுகைப் பார்த்தான். அவன் உதடு கோணியது. பிறகு அழுதான். விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"கட்," என்றார் வின்ஸ்லோ, மெதுவாக. "யாரு அவரு?"

"நெஸ்டோரோட அப்பா சார். பாத்ரூம் போறாரு."

"இனிமே எப்பப் போகணும்னு நான் சொல்றேன்."

அன்றிலிருந்து அது முறையாகிவிட்டது. தரையில் ஹசிந்தோவுக்கென்று நாற்காலியிலிருந்து கதவு வரை டேப் ஒட்டினார்கள். தினசரி வேலைத் திட்டத்தில் 'அப்பா நடை' என்று நேரம் ஒதுக்கினார்கள். கேமரா ஓடும், கைகளைப் பின்னால் கட்டி ஹசிந்தோ நடப்பார், பையன் அழுவான், கட் என்றதும் இவர் திரும்பி வருவார், வரும் வழியில் தீனி மேசையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியைப் பையனிடம் கொடுப்பார்.

ஹார்ட்பிரிட்ஜில் உண்மைத்தன்மைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் துணைத்தலைவர் மெரடித் ஹோல்கோம்ப், கல்லூரிக் காலத்தில் மாட்ரிட் நகரத்தில் ஒரு வருடம் இருந்தவர். அவர் ஒருநாள் குழுவோடு வந்து நடையைப் பார்வையிட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ஒரு உண்மையான அப்பா இவ்வளவு அமைதியாவா போவாரு? எங்க ஆய்வுப்படி அவர் வாசல்ல நின்னு ஒருதடவை திரும்பிப் பார்ப்பாரு."

"முதுகு பிடிச்சிருக்குங்க மேடம். உடம்பைத் திருப்ப முடியாது," என்றார் ஹசிந்தோ.

குழு தனியாகக் கூடிப் பேசியது. முதுகுவலி உண்மைத்தன்மைக்குள் வரும் என்று முடிவாகி, திரும்பாமலே போக அனுமதி கிடைத்தது.

மாலையில் டிரக்கில் வீடு திரும்பும்போது அப்பாவும் பிள்ளையும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

"பாப்பி, நீங்க போறது பொய்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டா அழறே?"

"தெரியல. முதுகைப் பாத்தா வந்துடுது."

"அப்ப மூஞ்சியைப் பாருடா மகனே."

"மூஞ்சியைப் பாத்தா சிரிப்பு வருதே."

"ஏண்டா, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

கேட்டுவிட்டு ஹசிந்தோ கன்னத்தை உப்பவைத்து, ஒரு கண்ணை மூடிக் காட்டுவார். பையன் முன்பக்கக் கண்ணாடியில் எச்சில் தெறிக்கச் சிரிப்பான். நெடுஞ்சாலையில் பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது சீசன் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டடச் சாமான் கடையின் வண்டி நிறுத்தத்தில் டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஹசிந்தோவை அதிகாரிகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கைகளைத் தூக்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னது, அவர் கொஞ்சம் சிரித்தார் என்பதுதான். சட்டையெல்லாம் துணை நடிகர்கள் போட்டிருந்த மாதிரியே இருந்ததால், இது நிஜம் என்று அவருக்குப் புரிய நேரமாகியிருக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் பாலைவனத்தில் ஒரு காவல் மையத்தில் வைத்தார்கள். வக்கீல் யோலாந்தா பரேதெஸ் எல்வீராவிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"பத்து வருஷத்துக்கு மேல இங்க இருக்காரு, நல்ல நடத்தை, இங்க பொறந்த புள்ள. நாடு கடத்தாதீங்கன்னு மனுப் போட இதெல்லாம் சரி. ஆனா அவர் போயிட்டா அந்தப் புள்ளைக்கு வழக்கத்துக்கு மீறின, அசாதாரணமான துன்பம் வரும்னு நிரூபிக்கணும்."

"அப்பா போனா புள்ளைக்குத் துன்பம்தானே. அதை எப்படி நிரூபிக்கறது?"

"சாதாரணத் துன்பம் போதாதும்மா. எல்லாப் புள்ளைங்களுக்கும் வர்ற துன்பம் கணக்குல வராது."

எல்வீராவுக்கு ஒரு வழி தோன்றியது. அப்பா நடந்தால் பையன் என்ன ஆவான் என்று ஹார்ட்பிரிட்ஜைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அவர்களிடம் படச்சுருளே இருக்கிறது. அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பர்பாங்க் போனார். மெரடித் ஹோல்கோம்ப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் சட்டப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க எல்லாருக்கும் மனசு உடைஞ்சு போச்சு, எல்வீரா. இந்தத் தொடர் எடுக்கறதே இதுக்காகத்தான். நாங்க குடும்பங்களைப் பிரிக்கறதில்லை. பிரியறதைக் காட்டறோம், அதுவும் நல்ல வெளிச்சத்துல."

"அவங்க அப்பா போனா இவனால தாங்க முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம். போதும்."

மெரடித் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் தொண்டையைச் செருமினார்.

"பையன் தாங்க முடியாம துன்பப்பட்டான்னு நாங்க எழுதினா, எங்க கட்டடத்துக்குள்ள ஒரு குழந்தை துன்பப்பட்டதா ஆயிடும். அப்படி நடக்கறதில்லை. அதுக்கு எங்ககிட்ட கொள்கை இருக்கு."

"அவன் அழறது உங்க கேமராவுலயே இருக்கே தம்பி."

"அது நடிப்பு."

"சரி, நல்லா நடிக்கறான்னாவது எழுதுங்க."

"அப்படி எழுதினா, கோர்ட்ல அவன் அழுதாலும் நடிப்புன்னு சொல்லிடுவாங்க. உங்களுக்குத்தான் கெடுதல். நாங்க உங்களையும் நினைச்சுத்தான் முடிவு பண்றோம்."

எல்வீரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அவன் அழறானா, அழலையா?"

"அது பத்தி நிறுவனத்துக்குக் கருத்து இல்லைங்க," என்றார் இளைஞர்.

ஆனாலும் ஹார்ட்பிரிட்ஜ் சும்மா இருந்துவிடவில்லை. ஆதரவுக் கடிதம் ஒன்று தயாரித்து, வக்கீலிடம் காட்டாமல், நேராக நீதிமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பிவைத்தது. விசாரணை நாளன்று காவல் மையத்து வராந்தாவில் பரேதெஸுக்கு அதன் நகல் கிடைத்தது. வாசித்துவிட்டு அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நல்லா எழுதியிருக்காங்களா?" என்று எல்வீரா கேட்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க."

விசாரணை அறை சின்னது. நீதிபதி, அவர் மேசையில் ஒலிப்பதிவுக் கருவி, அரசாங்க வக்கீல், ஓரத்தில் காவலர். ஹசிந்தோ ஆரஞ்சு நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பத்து வயது நெஸ்டோர் சாட்சி நாற்காலியில் ஏறினான். கால் தரைக்கு எட்டவில்லை.

பரேதெஸ் கேட்டார்: "நெஸ்டோர், உங்க அப்பா இங்கேருந்து போயிட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

பையன் பதில் தேடி அப்பாவைப் பார்த்தான். மாதக்கணக்கில் அவன் அந்த முகத்தைக் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் பார்த்ததில்லை. பிள்ளை பயந்துபோயிருக்கிறான் என்று ஹசிந்தோவுக்குத் தோன்றியது. கன்னத்தை லேசாக உப்பவைத்து ஒரு கண்ணை மூடினார்.

நெஸ்டோர் சிரித்துவிட்டான்.

"சாட்சி சிரிக்கிறார் என்று பதிவாகட்டும்," என்றார் அரசாங்க வக்கீல். அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து அவருக்கு அது ஐந்தாவது வழக்கு. தன் முறை வந்ததும் எழுந்தார். "தம்பி, நீ என்ன வேலை பண்றே?"

"அழறேன் சார்."

"எப்படி அழுவே?"

"பாப்பி எழுந்து நடந்து போவாரு. முதுகைப் பாத்தா வந்துடும்."

"அவர் நெஜமாப் போகலைன்னு உனக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும் சார். கட் சொன்னதும் வந்துடுவாரு."

"வந்ததும்?"

"ஆரஞ்சு சாப்பிடுவோம்."

"இப்ப ஏன் அழலை?"

பையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இப்பத்தான் உக்காந்திருக்காரே," என்றான்.

அரசாங்க வக்கீல் ஹார்ட்பிரிட்ஜின் கடிதத்தை எடுத்து வாசித்தார். 'நெஸ்டோர் எங்கள் தயாரிப்புகளில் தந்தையைப் பலமுறை இழந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் முழுமையாக மீண்டு, நன்றாக உணவருந்தி, பாடங்களைக் கவனித்து, மறுநாள் உற்சாகமாக வேலைக்கு வந்தார். அவருடைய மீண்டெழும் ஆற்றல் அவர் சமூகத்துக்கே பெருமை. அவருக்கு எவ்வகைத் துன்பமும் நேர்ந்ததில்லை என்று மகிழ்ச்சியுடன் உறுதியளிக்கிறோம்.'

"இது இவங்க பக்கத்து ஆதரவுக் கடிதம்," என்று சேர்த்துக்கொண்டார்.

நீதிபதி நிதானமானவர். ஒரு குழந்தை தந்தையைப் பிரிவது வருந்தத்தக்கது என்றார். ஆனால் வருத்தம் வேறு, சட்டம் கேட்கும் அசாதாரணத் துன்பம் வேறு என்றார். இந்தச் சிறுவன் தெளிவாகப் பேசுகிறான், சிரிக்கிறான், தொழில் இருக்கிறது. அவனை நெருங்கி அறிந்த நிறுவனமே அவன் தாங்கிக்கொள்வான் என்கிறது. மனு நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவையும் சொல்லி ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார்.

காவலர் ஹசிந்தோவைத் தொட்டார். ஹசிந்தோ எழுந்தார். இடுப்பு பிடித்தது, ஆனால் பிடித்துக்கொள்ளக் கைகள் இல்லை, அவற்றைக் காவலர் பின்னால் சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார். குனிந்தபடி பக்கக் கதவைப் பார்த்து மெல்ல நடந்தார்.

நெஸ்டோர் அந்த முதுகைப் பார்த்தான். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதான். சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்து, பிறகு சத்தம் வந்து, மூச்சு அடைத்து, பரேதெஸ் தூக்கப் போனபோது அவர் கையைத் தள்ளிவிட்டு அழுதான். அரசாங்க வக்கீல் தன் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, பாருங்க. இப்ப பாருங்க," என்றார் பரேதெஸ்.

"பதிவு முடிஞ்சிடுச்சு, வக்கீலம்மா," என்றார் நீதிபதி. "தீர்ப்புக்கு அப்புறம் நடக்கறது சாட்சியம் ஆகாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். முடிவு வரும் வரை அந்தப் பாலைவனத்துக் கட்டிலில் படுத்திருக்க ஹசிந்தோவின் முதுகு சம்மதிக்கவில்லை. தானே போய்விடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹெரெஸுக்குப் போய், தம்பி வீட்டில் தங்கினார். வேலைக்கிடையில் எல்வீராவோடும் பையனோடும் தொலைபேசியில் பேசினார்.

ஹார்ட்பிரிட்ஜில் சீசன் கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. அப்பாவைக் கூட்டிப் போகும் காட்சி. நெஸ்டோருக்கு அழ வரவில்லை. ஹசிந்தோ உயரத்தில், ஹசிந்தோ பருமனில் ஒரு நடிகரைப் பிடித்து டேப் வழியே நடக்கவிட்டார்கள். பையன் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொன்னான். இப்போது அம்மா வந்து உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நாள் வீணாகிறது என்று கவலைப்பட்டார்கள். யோசனை சொன்னவர் மெரடித் ஹோல்கோம்ப்.

"அவங்க அப்பாதான் இருக்காரே. போன்ல கூப்பிடுங்க. அவருக்கும் பையனோட வேலை செஞ்ச மாதிரி இருக்கும். இதுதான் குடும்பங்களை இணைக்கறது."

எல்வீரா எழுந்து, "வேண்டாம்," என்றார். ஹசிந்தோவே போனில் சமாதானம் சொன்னார்: "விடு எல்வீரா. வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியெல்லாம் இதுலருந்துதானே. நான் நடக்கறேன்."

கேமராவுக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஒரு திரையைப் பொருத்தினார்கள். அதில் ஹெரெஸ் தெரிந்தது: தம்பி வீட்டு முற்றம், மண் தரை, இரண்டு மூன்று கோழிகள், தூரத்தில் இரும்பு கேட். போனை ஒரு வாளியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஹசிந்தோ எதிரில் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"எந்தப் பக்கம் நடக்கணும்?" என்று கேட்டார்.

உதவி டைரக்டர் விளக்கினார்: கேட்டைப் பார்த்து நடக்க வேண்டும். சேவல் கூவுவது ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்பதால் போன் சத்தத்தை இரண்டு பக்கமும் அணைத்துவிடுவார்கள். முடிந்ததும் திரைக்கு முன்னால் கையை ஆட்டுவார்கள், அதைப் பார்த்துத் திரும்பி வரலாம். முதுகைக் காட்டி நடக்கிறவர் கையை எப்படிப் பார்ப்பார் என்று கூடியிருந்தவர்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஹசிந்தோவும் தலையை ஆட்டினார்.

கேமரா ஓடியது. ஹசிந்தோ கைகளைப் பின்னால் கட்டினார். திரும்பினார். நடந்தார்.

எல்லாரும் நெஸ்டோரின் முகத்தையே பார்த்தார்கள். அது வறண்டிருந்தது. திரையில் ஹசிந்தோ கோழிகளைத் தாண்டினார். கேட் வந்தது. அதைத் திறந்தார்.

"கட்," என்றான் நெஸ்டோர்.

"அதை டைரக்டர்தான் சொல்லணும், கண்ணு," என்று உதவி டைரக்டர் கிசுகிசுத்தார்.

"கட்."

வின்ஸ்லோ கையைத் தூக்கி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். இப்போது வந்துவிடும் என்று அவருக்குப் பட்டது. திரையில் ஹசிந்தோ கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். நல்ல வேலைக்காரர், சொல்லும் வரை நிறுத்தமாட்டார்.

"பாப்பி, கட்," என்றான் பையன், திரைக்குக் கிட்டப் போய். "கட் சொல்லியாச்சு பாப்பி. போதும். வாங்க."

ஹெரெஸுக்கு அந்தச் சத்தம் போகவில்லை. முற்றத்தில் ஒரு கோழி வந்து வாளியைக் கொத்த, படம் லேசாக ஆடியது. கேட் திறந்தபடி இருந்தது.

பையன் அழாததால் அந்தக் காட்சி பயன்படவில்லை.